முதலாளி சொன்ன பாடமும் சொல்லாத பாடமும்

ஸ்ரீபெரும்புதூர் என்றவுடன் நம் பாட்டனார்களுக்கு ஸ்ரீ ராமாநுஜர்தான் நினைவுக்கு வருவார். 1017-ம் ஆண்டில் அவர் அவதரித்த தலம் அது. அவரைப் பற்றிய கதைகளில் சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரிந்தது திருக்கோஷ்டியூர்க் கதை. ரகசிய மந்திரத்தின் பொருளைக் கேட்டு அறிவதற்காக நம்பியிடம் அவர் பதினெட்டு முறை நடந்தாராம். யாருக்கும் சொல்லக்கூடாது, சொன்னால் நரகம்தான் என்ற நிபந்தனையின் பேரில் பதினெட்டாவது தடவை நம்பி உபதேசம் செய்தார். ராமாநுஜரோ நேரே கோயில் கோபுரத்தின்மேல் ஏறி, ஊரைக் கூட்டி, எல்லோர் காதிலும் விழும்படி அதைச் சொல்லிவிட்டார். தாம் ஒருவர் நரகம் போனாலும் இத்தனை பேர் கரையேறுவார்களே என்பது அவருடைய கணக்கு.

வியாபாரிகள் இந்தக் கணக்குப் போடுகிறவர்கள் அல்ல. நம் நாட்டில் தொழில் ரகசியம் என்பது இடுப்பில் செருகிய சாவிக் கொத்து மாதிரி. ஊறுகாயில் என்ன கலக்கிறோம், சரக்கை எங்கே பிடிக்கிறோம், எந்தக் கடைக்கு எவ்வளவு கழிவு கொடுக்கிறோம் என்பதெல்லாம் தகப்பனார் கடைசிக் காலத்தில் மூத்த பிள்ளையைக் கட்டிலருகே அழைத்துக் காதோடு சொல்லுகிற சமாசாரம். அப்படிப்பட்ட தேசத்தில் இன்று என்ன நடக்கிறது? முதலாளிகளே கலாசாலைகளுக்குப் போகிறார்கள். வியாபார நிர்வாகம் படிக்கும் மாணவர்களுக்கு எதிரே மைக்கைப் பிடித்துக்கொண்டு, நான் இப்படித்தான் தொடங்கினேன், இங்கேதான் சறுக்கினேன், இப்படித்தான் எழுந்தேன் என்று மனம் விட்டுப் பேசுகிறார்கள். கோபுரத்தின்மேல் ஏறாத குறைதான்! இது நல்ல மாறுதல் என்பதில் ஐயமில்லை. ஆனால் அவர்கள் சொல்லுகிற பாடம் எது, சொல்லாமல் விடுகிற பாடம் எது என்று கொஞ்சம் பார்க்கவேண்டியிருக்கிறது. ஏனெனில் அதைக் கேட்டுவிட்டு வெளியே வருகிற பையன்கள், பெண்களில் சிலராவது வீட்டு நகையை அடகு வைக்கப் போகிறார்கள்.

ஏரிக்கரையில் எழுந்த ஆலைகள்

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரையுள்ள பிரதேசத்தை முப்பது வருஷத்துக்கு முன் பார்த்தவர்கள் இப்போது போனால் திகைத்துப் போவார்கள். ஏரிப் பாசனமும் நெல் வயலும் பனைமரமுமாக இருந்த பூமி. 1971-ல் தோன்றிய சிப்காட் ஸ்தாபனம் நிலத்தை எடுத்துச் சாலை போட்டு, தண்ணீரும் மின்சாரமும் கொண்டுவந்து கொடுத்தது. 1996-ல் ஹூண்டாய் கம்பெனி இருங்காட்டுக்கோட்டையில் கால் வைத்தது. 1998 செப்டம்பரில் முதல் சான்ட்ரோ கார் வெளியே வந்தது. பிறகு செயின்ட் கோபைன் கண்ணாடி, சாம்சங், ஒரகடத்தில் 2010-ல் ரெனோ-நிஸ்ஸான், 2012-ல் டைம்லர் லாரி, 2013-ல் ராயல் என்ஃபீல்டு என்று வரிசையாக வந்து சேர்ந்தன. வல்லம் வடகால், பிள்ளைப்பாக்கம், சுங்குவார்சத்திரம் என்ற பெயர்களெல்லாம் கொரியா, ஜப்பான், தைவான் தேசத்துக் காகிதங்களில் ஏறிவிட்டன.

இந்த ஆலைகளுக்கு நடு நடுவே கலாசாலைகள். பென்னலூரிலும் தண்டலத்திலும் நெடுஞ்சாலையை ஒட்டியே பெரிய பெரிய பொறியியல் கலாசாலைகள் நிற்கின்றன. சென்னையிலுள்ள கலாசாலைகளிலிருந்தும் வியாபார நிர்வாக மாணவர்கள் பஸ் பிடித்து இந்தப் பக்கம் தொழிற்சாலை பார்க்க வருகிறார்கள். மஞ்சள் கோட்டுக்குள்ளேயே நடக்கச் சொல்லுவார்கள். காதுக்குப் பஞ்சு கொடுப்பார்கள். யந்திரக் கை கதவைத் தூக்கிப் பொருத்துவதைக் காட்டுவார்கள். பிற்பகல் கான்டீன் சாப்பாடு. திரும்பிப் போனதும் ஓர் அறிக்கை எழுதவேண்டும். அவ்வளவுதான்.

இந்தப் பெரிய ஆலைகளில் எது ஒன்றையும் தனி ஒரு மாணவன் தொடங்க முடியாது என்பதை யாரும் அவனிடம் எடுத்துச் சொல்லுவதில்லை. இந்த வட்டாரத்தில் நம் ஊர் ஆள் தொடங்கக் கூடியது, அந்த ஆலைக்கு ஒரு சின்னப் பாகம் செய்து கொடுக்கிற பட்டறை. ஓர் இரும்புத் தாங்கி, ஒரு ரப்பர் வளையம், ஒரு பிளாஸ்டிக் மூடி. அல்லது அட்டைப் பெட்டி, மர மேடை, சீருடைச் சலவை, பஸ் வாடகை. 1958-ல் கிண்டித் தொழிற்பேட்டை திறக்கப்பட்ட காலத்திலிருந்து சென்னையைச் சுற்றி வளர்ந்த வம்சம் இது. அம்பத்தூரிலும் திருமுடிவாக்கத்திலும் போய்ப் பாருங்கள்: தகரக் கூரை, எண்ணெய் வாடை, வாசலில் ஒரு பிள்ளையார் படம், உள்ளே ஒரு முதலாளி கைபேசியில் யாரையோ "சார், சார்" என்று கெஞ்சிக்கொண்டிருப்பார். எதற்காகக் கெஞ்சுகிறார் என்பதற்குப் பிறகு வருவோம்.

ஐஸ் வண்டியும் ஷாம்பு உறையும்

மேடையில் சொல்லப்படும் கதைகளை முதலில் பார்ப்போம். நம் மாநிலத்துக் கலாசாலைகளில் சொல்லிச் சொல்லிப் பழகிப்போன கதைகள் மூன்று உண்டு. மூன்றும் நிஜம். மூன்றும் சுவையானவை.

முதலாவது திரு. ஆர். ஜி. சந்திரமோகன் அவர்களுடையது. சிவகாசியை அடுத்த திருத்தங்கல்காரர். படிப்பு ஏறவில்லை. மரக்கடையில் 65 ரூபாய் சம்பளத்தில் இருந்தார். 1970-ல் குடும்பச் சொத்தை விற்றுக் கிடைத்த 13,000 ரூபாயைப் போட்டு, சென்னை ராயபுரத்தில் ஒரு சிறிய அறையில் ஐஸ் மிட்டாய் செய்ய ஆரம்பித்தார். தள்ளுவண்டியில் வைத்து விற்றார்கள். பட்டணத்தில் பெரிய ஐஸ்கிரீம் கம்பெனிகள் ஏற்கெனவே குந்தியிருந்தன. அவற்றோடு மல்லுக்கு நிற்காமல் இவர் கலாசாலை விடுதிகளுக்கும் துறைமுகத்துக் கப்பல்களுக்கும் சரக்குக் கொடுத்தார். பிறகு பெரியவர்கள் எட்டிப் பார்க்காத சின்ன ஊர்களுக்குப் போனார். அந்த 'அருண்' ஐஸ்கிரீமிலிருந்து வளர்ந்ததுதான் இன்றைய ஹட்சன் பால் கம்பெனி.

இரண்டாவது, கடலூர் திரு. சி. கே. ரங்கநாதன் அவர்களுடையது. ஷாம்புவைச் சின்ன உறையில் போட்டு ஏழைக்கும் எட்டும் விலையில் விற்கலாம் என்ற யோசனை அவருடைய தகப்பனார் சின்னி கிருஷ்ணனுடையது. தகப்பனார் காலமான பிறகு சகோதரர்கள் 'வெல்வெட்' ஷாம்புவை நடத்தினார்கள். இவர் அவர்களோடு ஒத்துப்போகாமல் வெளியேறி, 1983-ல் 15,000 ரூபாயுடன் தகப்பனாரின் பெயர் எழுத்துக்களிலிருந்தே 'சிக்' என்று பெயர் வைத்துத் தனியாகத் தொடங்கினார். காலி உறைகளைக் கொண்டுவந்து கொடுத்தால் ஒரு சிக் ஷாம்பு இலவசம் என்று ஒரு திட்டம் போட்டார். முதலில் எந்தக் கம்பெனி உறையானாலும் சரி என்றார். சனங்கள் பழகிய பிறகு சிக் உறை மட்டுந்தான் என்று மாற்றினார். கடைக்காரர்களுக்கு வேறு வழியில்லை, சிக் வாங்கி வைத்தார்கள். கெட்டிக்காரத்தனம் என்றால் இதுவல்லவா! அந்த ஸ்தாபனம் 1998-ல் கெவின்கேர் என்று பெயர் பெற்றது.

மூன்றாவது டாக்டர் வேலுமணி. கோயம்புத்தூர்ப் பக்கத்துக் கிராமத்தில் நிலமில்லாத விவசாயியின் மகன். பி.எஸ்ஸி. முடித்து ஒரு சிறிய மாத்திரைக் கூடு செய்யும் கம்பெனியில் மாதம் 150 ரூபாய்க்குச் சேர்ந்தார். அந்தக் கம்பெனி சில வருஷத்தில் மூடப்பட்டது. பிறகு பாபா அணு ஆராய்ச்சி நிலையத்தில் உத்தியோகம். வேலை பார்த்துக்கொண்டே டாக்டர் பட்டம். 1996-ல் மும்பையில் 'தைரோகேர்' ரத்தப் பரிசோதனை நிலையத்தைத் தொடங்கினார். 2021-ல் தம் பங்கை 4,546 கோடி ரூபாய்க்கு விற்றார்.

இந்தக் கதைகளைக் கேட்கிற மாணவன் எழுந்து நின்று கை தட்டுகிறான். தட்டவேண்டியதுதான். சொற்ப முதல், வைராக்கியம், பெரியவர்கள் கவனிக்காத மூலையைக் கண்டுபிடிக்கிற கண் ஆகிய மூன்றும் மூவரிடமும் இருந்தன. ஆனால் இவற்றைவிட முக்கியமான ஒரு பொது அம்சம் மூவர் கதையிலும் உண்டு. அதை யாரும் கோடிட்டுக் காட்டுவதில்லை. ஐஸ் குச்சி வாங்கினவர்கள் லட்சம் பேர். ஷாம்பு உறை வாங்கினவர்கள் அதற்கும் மேல். ரத்தம் பரிசோதித்துக்கொண்டவர்களும் அப்படியே. ஒரு வாடிக்கைக்காரர் கோபித்துக்கொண்டு போய்விட்டால் இவர்கள் கல்லாவில் அது தெரியவே தெரியாது. தள்ளுவண்டிக்காரனிடம் ஐஸ் வாங்குகிற சிறுவன் காசைக் கையில் வைத்துக்கொண்டுதான் நிற்கிறான். தொண்ணூறு நாள் கழித்து வா என்று சொல்லுவதில்லை.

ஒரகடத்துப் பட்டறைக்காரரின் நிலைமை இதற்கு நேர் தலைகீழ். அவருக்கு வாடிக்கைக்காரர் ஒருவர். மிஞ்சினால் இருவர். அவர்கள் யானை மாதிரி பெரியவர்கள். யானை பக்கத்தில் இருந்தால் நிழல் உண்டு. திரும்பிப் படுத்தால் என்ன ஆகும்?

ஒரு பேரேட்டுக் கணக்கு

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வியாபார நிர்வாகப் பட்டம் பெற்ற ஒரு வாலிபர் பட்டறை வைத்து, ஒரு பெரிய கம்பெனிக்கு மாதம் 10 லட்ச ரூபாய்க்குச் சரக்கு அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரும்பு முதலிய கச்சாப் பொருளுக்கு 6 லட்சம். கூலி, மின்சாரம், வாடகைக்கு 3 லட்சம். கையில் நிற்பது 1 லட்சம். காகிதத்தில் பார்த்தால் பிரமாதம்! பெண் கொடுக்க முன்வருவார்கள்.

ஆனால் பில் போட்ட 90-வது நாளில்தான் பணம் வருகிறது. அதற்குள் மூன்று மாதச் செலவு, அதாவது 27 லட்ச ரூபாய், வாலிபரின் கையைவிட்டுப் போயிருக்கும். அவ்வளவு பணம் அவரிடம் ஏது? பாங்கியில் 12 சதவிகித வட்டிக்கு வாங்குகிறார். வருஷத்துக்கு 3,24,000 ரூபாய் வட்டி, மாதம் 27,000. ஆக லாபம் 73,000 ஆயிற்று. இதற்கிடையே ஜி.எஸ்.டி. இருக்கிறது. 18 சதவிகிதம் என்றால் 10 லட்சத்துக்கு 1,80,000. கச்சாப் பொருளுக்குக் கொடுத்த வரி 1,08,000-ஐக் கழித்துக்கொண்டாலும் மீதி 72,000 ரூபாயை மாதா மாதம் கட்டியாகவேண்டும். பில்லுக்குப் பணம் வந்துவிட்டதா என்று சர்க்கார் கேட்காது. பில் போட்டாயா என்றுதான் கேட்கும்.

மோட்டார்த் தொழிலில் இன்னொரு சம்பிரதாயமும் உண்டு. உலகெங்கும் உள்ளதுதான். வருஷத்துக்கு வருஷம் அதே பாகத்தின் விலையில் சில சதவிகிதம் குறைத்துக் கொடுக்கச் சொல்லுவார்கள். கைப் பழக்கத்தில் செலவு குறைந்திருக்குமே என்பது அவர்கள் வாதம். ஓரளவு நியாயமும்கூட. 3 சதவிகிதம் என்றால் மாதம் 30,000. மிச்சம் 43,000. இதற்குப் பேசாமல் பக்கத்து ஆலையில் உத்தியோகத்துக்கே போயிருக்கலாமே என்று வாலிபரின் தாயார் கேட்பார். கேட்கத்தான் செய்வார்.

வேடிக்கை இனிமேல்தான். வேலை சுத்தமாக இருக்கிறது என்று மெச்சி, கம்பெனி ஆர்டரை இரட்டிப்பாக்குகிறது. வாலிபர் இனிப்பு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வருகிறார். அவர் இனிப்போடு கூட இன்னொரு 27 லட்சமும் தேடவேண்டும் என்பது மறுநாள் காலையில் தெரியும். ஆர்டர் இல்லாமல் செத்த பட்டறைகள் உண்டு. ஆர்டர் பெருகியதால் மூச்சுத் திணறிய பட்டறைகளும் உண்டு. ஐந்தொகையைப் பார்த்தால் லாபம், கல்லாவைப் பார்த்தால் பூஜ்யம். திருமுடிவாக்கத்து முதலாளி கைபேசியில் "சார், சார்" என்றது எதற்கென்று இப்போது விளங்கியிருக்கும். போன மாதத்துக்கு முந்தின மாத பில்லுக்காக!

இதற்குச் சட்டம் இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது. குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் சட்டம் 2006-ல் வந்தது. குறுந்தொழிலும் சிறுதொழிலும் கொடுத்த சரக்குக்கு எந்த ஒப்பந்தம் போட்டிருந்தாலும் 45 நாளுக்குள் பணம் கொடுத்துவிட வேண்டும் என்கிறது அது. தவறினால் ரிசர்வ் பாங்கு விகிதத்தைப்போல மூன்று மடங்கு வட்டி. அதுவும் மாதா மாதம் வட்டிக்கு வட்டி. புகாரை விசாரிக்க மாநிலத்தில் மன்றம் உண்டு. அதன் தீர்ப்பை எதிர்த்து வாங்கினவர் கோர்ட்டுக்குப் போகவேண்டுமானால் தொகையில் 75 சதவிகிதத்தை முதலில் கட்டிவிட்டுத்தான் போகலாம். 2024 ஏப்ரலிலிருந்து வருமான வரியிலும் ஒரு பிடி போட்டிருக்கிறார்கள்: காலத்தில் கொடுக்காத தொகையை வாங்கினவர் அந்த ஆண்டுச் செலவாகக் காட்ட முடியாது. 2017 முதல், பெரிய கம்பெனி ஒப்புக்கொண்ட பில்லை மின்னணுச் சந்தையில் விற்று உடனே பணமாக்கிக்கொள்ளுகிற ஏற்பாடும் நடக்கிறது. பிறகு கம்பெனி பணம் தராவிட்டாலும் பில்லை வாங்கின பாங்கு பட்டறைக்காரரின் கழுத்தைப் பிடிக்காது.

இத்தனையும் இருந்தும் பட்டறைக்காரர் ஏன் கெஞ்சுகிறார்? புகார் கொடுத்தால் வட்டி வரும். அடுத்த ஆர்டர் வராது. ஒரே வாடிக்கைக்காரர் மீது வழக்குப் போட எந்த முதலாளிக்குத் துணிச்சல் வரும்? சட்டப் புத்தகத்தில் உள்ள 45 நாளைக் கையில் பிடிக்க வேண்டுமானால், வழக்குப் போட்டபின்பும் பட்டறையை ஓட்டுவதற்கு இரண்டாவது, மூன்றாவது வாடிக்கைக்காரர் இருக்கவேண்டும். வியாபாரக் கலாசாலையில் சட்டத்தை ஒரு வகுப்பிலும் விற்பனையை இன்னொரு வகுப்பிலும் தனித்தனியாகச் சொல்லித் தருகிறார்கள். பட்டறையில் இரண்டும் ஒரே விஷயம்.

நோக்கியா போன கதை

யானை திரும்பிப் படுத்ததற்கு ஸ்ரீபெரும்புதூரிலேயே சாட்சி இருக்கிறது. நோக்கியா கைபேசி ஆலை இங்கே 2006-ல் உற்பத்தியைத் தொடங்கியது. உச்ச காலத்தில் சுமார் 8,000 பேர் நேரடியாக வேலை செய்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் சுற்று வட்டாரத்து இளம் பெண்கள். விடியற்காலையில் கிராமத்துச் சாலைகளில் கம்பெனி பஸ்ஸுக்காக அவர்கள் கும்பல் கும்பலாக நின்ற காட்சியை அந்தப் பக்கத்துச் சனங்கள் இன்னும் சொல்லுவார்கள். ஆலையை நம்பி அதே வளாகத்தில் சார்ஜர் செய்கிறவர்கள், கூடு செய்கிறவர்கள், பாகம் கோக்கிறவர்கள் என்று வேறு கம்பெனிகளும் குடியேறின. இவர்களுக்கு அப்பால் வேன் ஓட்டினவர், சாப்பாடு போட்டவர், வீடு கட்டி வாடகைக்கு விட்டவர் எத்தனையோ பேர்.

கைபேசி உலகத்தில் காற்று வேறு பக்கம் திரும்பிவிட்டது. 2013-ல் வருமான வரித் தகராறு வந்து சொத்துக்கள் முடக்கப்பட்டன. அதே ஆண்டு செப்டம்பரில் நோக்கியா தன் கைபேசித் தொழிலை மைக்ரோசாஃப்டுக்கு விற்பதாக அறிவித்தது. 2014 ஏப்ரலில் கைமாறியபோது ஸ்ரீபெரும்புதூர் ஆலை மட்டும் அந்தப் பேரத்தில் சேரவில்லை. கொஞ்ச நாள் ஒப்பந்த அடிப்படையில் ஓடிற்று. 2014 நவம்பர் 1-ந் தேதி கதவை மூடினார்கள். அடுத்த மாதமே அந்த வளாகத்திலிருந்த ஃபாக்ஸ்கான் பிரிவும் நின்றது. யாருக்கோ எங்கேயோ நடந்த பேரம். இங்கே பஸ்ஸுக்கு நிற்க ஆளில்லை.

ஆனால் கதையில் ஒரு திருப்பம் இருக்கிறது. அதைத்தான் மாணவர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். சால்காம்ப் என்று ஒரு கம்பெனி. பின்லாந்தில் தோன்றியது. நோக்கியாவுக்குச் சார்ஜர் செய்து கொடுப்பதற்காக அதே வளாகத்தில் இடம் பிடித்தது. பெரியவர் போனபோது இது போகவில்லை. காரணம், மற்றவர்களுக்கும் சார்ஜர் செய்து கொடுத்துக்கொண்டிருந்தது. 2019 நவம்பரில் மத்திய அமைச்சர் ஓர் அறிவிப்புச் செய்தார்: ஐந்து வருஷமாகப் பூட்டிக் கிடந்த நோக்கியா ஆலையைச் சால்காம்ப் வாங்கிக்கொள்கிறது! குடியிருந்தவர் வீட்டுக்காரரின் வீட்டையே வாங்கிய கதை.

ஃபோர்டு விஷயம் எல்லோருக்கும் தெரிந்தது; ஒரகடத்திலிருந்து சிங்கப்பெருமாள்கோயில் பக்கம் போனால் வருகிற மறைமலைநகரில் அதன் ஆலை. 2021 செப்டம்பரில் மூடப்போவதாகச் சொன்னார்கள், 2022-ல் கடைசிக் கார் இறங்கிற்று. ஃபோர்டுக்கு மட்டும் அச்சு வைத்திருந்த பட்டறைக்காரருக்கு அந்த அச்சு மறுநாள் பழைய இரும்பு.

இதையெல்லாம் படித்துவிட்டு, பெரிய கம்பெனியென்றாலே ஆகாது என்ற முடிவுக்கு யாரும் வரவேண்டாம். பெரிய வாடிக்கைக்காரரிடம் கற்றுக்கொள்ளுகிற ஒழுங்கு வேறெங்கும் கிடைக்காது. பாடியிலே போல்ட்டு நட்டு செய்துகொண்டிருந்த சுந்தரம் ஃபாஸ்னர்ஸ் 1990-ல் ஐ.எஸ்.ஓ. 9000 தரச் சான்று பெற்ற முதல் இந்தியக் கம்பெனி. அதே பாடியிலுள்ள சுந்தரம் கிளேட்டன் 1998-ல் ஜப்பானியரின் டெமிங் பரிசை வாங்கிற்று. மோட்டார்க் கம்பெனிகளுக்குப் பாகம் செய்தவர்கள்தான் இவர்களும். லட்சத்தில் ஒரு பாகம் பழுதானாலும் ஏன் என்று கேட்கிறவரிடம் வேலை பழகினவன், உலகத்தில் எந்த வாசலிலும் போய் நிற்கலாம். அந்த வேறு வாசலுக்கு அவன் போகிறானா, இல்லையா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

வெற்றியல்ல, சிக்கலைக் கொண்டு வா!

முதலாளியைக் கலாசாலைக்கு அழைக்கிற பழக்கம் இன்று நேற்று வந்ததல்ல. அமெரிக்காவில் ஹார்வர்டு சர்வகலாசாலை 1908-ல் வியாபாரக் கலாசாலையை ஆரம்பித்தது. சில ஆண்டுகளுக்குள் அங்கே ஆர்ச் ஷா என்ற பத்திரிகை அதிபர் ஒரு புதுமையான வகுப்பை நடத்தினார். தொழிலதிபர்களை ஒவ்வொருவராக அழைத்துவந்தார். சுயசரிதம் சொல்லுவதற்காக அல்ல. முதல் நாள் அவர் தம் கம்பெனியில் அப்போது தீராமல் கிடக்கிற ஒரு சிக்கலை மாணவர்கள் எதிரே வைக்கவேண்டும். மாணவர்கள் வீட்டுக்குப் போய் யோசித்து, நீங்கள் இப்படிச் செய்யலாம் என்று எழுதிக் கொண்டுவருவார்கள். தொழிலதிபர் மறுபடி வந்து, இது ஆகும், இது ஏன் ஆகாது என்று அவர்களோடு விவாதிப்பார். நம் கலாசாலைகள் ஹார்வர்டின் புத்தகத்தை வாங்கிவிட்டன. இந்த வழக்கத்தை வாங்கவில்லை.

நம் மேடையில் முடிந்துபோன சிக்கல்தான் வருகிறது. ஜெயித்தவர் வருகிறார், ஜெயித்த பிறகு வருகிறார். அவரிடத்திலும் தப்பில்லை. இருபது நிமிஷம் கொடுத்து, உற்சாகமூட்டுங்கள் ஐயா என்று கேட்டுக்கொண்டால் அவர் என்ன செய்வார்? பொன்னாடை போர்த்துகிறார்கள், நினைவுப் பரிசு கொடுக்கிறார்கள். கேள்வி நேரத்தில் ஒரு பையன் எழுந்து, "உங்கள் வெற்றியின் ரகசியம் என்ன?" என்று கேட்கிறான். உழைப்பு என்கிறார். பிறகு எல்லோரும் கூடி நின்று கைபேசியில் படம் பிடித்துக்கொள்கிறார்கள்.

அதே பையன் வேறு விதமாகக் கேட்கலாம். முதல் பில்லுக்கு எத்தனையாம் நாள் பணம் வந்தது? அதுவரை கூலி கொடுக்கப் பணம் எங்கே புரட்டினீர்கள்? உங்கள் விற்பனையில் மிகப் பெரிய வாடிக்கைக்காரரின் பங்கு நூற்றுக்கு எவ்வளவு? அவர் போய்விடுவார் என்று தெரிந்த அன்று என்ன செய்தீர்கள்? ஐஸ் வண்டிக்காரரானாலும் அணு விஞ்ஞானியானாலும் இந்தக் கேள்விகளுக்குப் பதில் வைத்திருப்பார்கள். கேட்காததனால் சொல்லுவதில்லை.

எம்முடைய யோசனை இதற்கும் ஒரு படி மேலே. வருஷத்துக்கு ஒரு தடவை புகழ் பெற்றவரை அழையுங்கள், நல்லதுதான். மாதத்துக்கு ஒரு தடவை பக்கத்துப் பட்டறைக்காரரை அழையுங்கள். அவர் ஆங்கிலத்தில் பேசமாட்டார். படம் காட்டமாட்டார். பாக்கி நிற்கிற ஒரு பில்லைக் கொண்டுவரட்டும். வாங்கினவர் பெயரை மறைத்துவிட்டு மாணவர்கள் அதைப் படிக்கட்டும். ஒப்பந்தத்தில் எத்தனை நாள் போட்டிருக்கிறது? சட்டப்படி எவ்வளவு வட்டி ஏறியிருக்கிறது? மின்னணுச் சந்தையில் விற்றால் கைக்கு எவ்வளவு வரும்? இதே யந்திரத்தில், இதே ஆட்களை வைத்துக்கொண்டு, விவசாயக் கருவிக்கோ ஆஸ்பத்திரிச் சாமானுக்கோ வேறு என்ன பாகம் செய்யலாம், அதை யார் வாங்குவார்கள்? எழுதிக் கொடுக்கட்டும். பட்டறைக்காரர் அடுத்த வாரம் வந்து சிரிக்கட்டும் அல்லது எடுத்துக்கொண்டு போகட்டும்.

இதிலே ஒரு சங்கடம் உண்டு, மறைக்கவேண்டாம். பட்டறைக்காரர் கோபுரத்தின்மேல் ஏற மாட்டார். தம் வாடிக்கைக்காரர் பணம் தாமதிக்கிறார் என்று அவர் மேடையில் சொன்னால், அன்று மாலையே அது வாங்குகிறவர் அலுவலகத்துக்கு எட்டிவிடும். ஆகவே பத்திரிகைக்காரர்களை அழைக்கக் கூடாது. எங்களையும் சேர்த்துத்தான் சொல்லுகிறோம். பானர் கட்டக் கூடாது. வகுப்புக் கதவைச் சாத்திக்கொண்டு, இருபது முப்பது பேருக்கு நடுவில் நடக்கவேண்டிய காரியம் அது. கலாசாலை நிர்வாகிகளுக்கு இது ருசிக்குமா என்பது சந்தேகம். படம் எடுத்துப் போட முடியாத நிகழ்ச்சியினால் அவர்களுக்கு என்ன பிரயோஜனம்?

தொழில் தொடங்க உதவி இல்லாமல் இல்லை. கிண்டியிலுள்ள மாநிலத் தொழில் முனைவோர் மேம்பாட்டு நிறுவனம் 2001 முதல் பயிற்சி கொடுத்து வருகிறது. 2012-ல் தமிழக அரசு படித்த முதல் தலைமுறைத் தொழில் முனைவோருக்கென்றே ஒரு திட்டம் கொண்டுவந்தது. முதலீட்டில் 25 சதவிகிதம் மானியம், வட்டியிலும் 3 சதவிகிதம் சலுகை. பட்டதாரிகள் மட்டுமல்ல, டிப்ளமா, ஐ.டி.ஐ. படித்தவர்களும் விண்ணப்பிக்கலாம். யந்திரம் வாங்குவதற்கு இந்தப் பணம் உதவும். யந்திரம் ஓட ஆரம்பித்த பிறகு வருகிற தொண்ணூறு நாளுக்கு மானியம் கிடையாது. அந்தத் தொண்ணூறு நாளை எப்படிக் கடப்பது என்பதைப் பலமுறை கடந்தவர்கள் திருமுடிவாக்கத்திலும் அம்பத்தூரிலும் பிள்ளைப்பாக்கத்திலும் இருக்கிறார்கள். தண்டலத்துக் கலாசாலை வாசலிலிருந்து திருமுடிவாக்கம் போக, நெடுஞ்சாலையில் லாரி நெரிசல் இல்லாத நாளில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. மத்தியானம் மூன்று மணிக்குப் போவது நல்லது; காலையில் அவர்கள் பாங்கியில் இருப்பார்கள்.